ஏப்ரல் 14-ஐ ஏன் தீயணைப்பு வீரர்களின் நினைவு நாளாக அனுசரிக்கிறார்கள்? அன்று வெடித்த கப்பலின் கதை என்ன?

நம் ஊரில் ஏப்ரல் 14 என்றால் சித்திரை முதல் நாளும் அம்பேத்கர் பிறந்தநாளும்தான் நினைவுக்கு வரும். அதே நாளில் நாடு முழுக்கத் தீயணைப்பு நிலையங்களில் மலர்வளையம் வைத்து அஞ்சலி செலுத்துவார்கள், அதிலிருந்து ஒரு வாரம் தீத்தொண்டு வாரம். இதற்குக் காரணம் 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில், கப்பல்களை நிறுத்திச் சரக்கு இறக்கும் விக்டோரியா டாக்கில் வெடித்த 'ஃபோர்ட் ஸ்டிகைன்' என்ற சரக்குக் கப்பல்.

நான் சரக்குக் கப்பல்களில் சீஃப் ஆபீசராக வேலை பார்த்தவன். எந்தச் சரக்கை எந்த ஹோல்டில் (கப்பலின் அடியில் உள்ள சரக்கு அறையில்), எதன் பக்கத்தில், எதன் மேலே வைப்பது என்று திட்டம் போடுவது அந்தப் பொறுப்பில் முக்கியமான வேலை. அதனால் இந்தக் கப்பலின் கதையை விபத்துக் கதையாக என்னால் படிக்க முடிவதில்லை. கராச்சியிலேயே முடிவாகிவிட்ட ஒன்று பம்பாயில் நடந்தது என்பதே என் கருத்து.

போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டே இருந்ததால், ஒரே அச்சில் வேகமாகக் கட்டக்கூடிய சரக்குக் கப்பல்கள் தேவைப்பட்டன. கனடா கட்டிக் கொடுத்த கப்பல்களில் ஒரு பெரிய வரிசைக்குப் பெயரெல்லாம் 'ஃபோர்ட்' என்றே தொடங்கும். ஃபோர்ட் ஸ்டிகைன் 1942-இல் மேற்குக் கரையில் உள்ள பிரின்ஸ் ரூபர்ட்டில் கட்டப்பட்டது. 7,142 டன் கொள்ளளவு, நீராவி எஞ்சின். அலங்காரம் ஒன்றும் இல்லாத, உழைப்பதற்கென்றே செய்த கப்பல்.

1944 பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டிலிருந்து புறப்பட்டது. கராச்சிக்கான விமானங்களும், பம்பாய்க்கான சுமார் 1,400 டன் வெடிபொருளும் உள்ளே இருந்தன. குண்டு, டார்பிடோ, கண்ணிவெடி என்று பல வகை. ஏறக்குறைய பத்து லட்சம் பவுண்டு மதிப்புள்ள தங்கக் கட்டிகளும் இருந்தன. கராச்சியில் விமானங்கள் இறங்கியதும் இடம் காலியானது. போர்க்காலத்தில் காலி இடத்தோடு ஒரு கப்பலை அனுப்ப யாருக்கும் மனம் வராது. ஆயிரக்கணக்கான பஞ்சு பேல்கள் (பொதிகள்), மசகு எண்ணெய் பீப்பாய்கள், மரம், பழைய இரும்பு, மீன் உரம் எல்லாம் ஏறின. கேப்டனுக்கு இந்த ஏற்பாட்டில் விருப்பமே இல்லை. ஆனாலும் ஏற்றினார்கள்.

இரண்டாம் எண் ஹோல்டில் கீழே பஞ்சு பேல்கள், அதற்கு மேல்தட்டில் வெடிபொருள். இந்த ஒரு வரியைப் படித்தாலே கப்பல்காரனுக்கு வயிறு கலங்கும். இறுக்கிக் கட்டிய பஞ்சு பேலில் தீப்பொறி விழுந்தால் உடனே கொழுந்துவிட்டு எரியாது. உமிக்குள் புகுந்த நெருப்பு மாதிரி மணிக்கணக்கில் உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். மேலே தண்ணீர் ஊற்றினால் வெளிப்பக்கம் நனையும், நடுவில் கனல் அப்படியே இருக்கும்.

ஏப்ரல் 12 அன்று கப்பல் பம்பாய் சேர்ந்தது. அபாயமான வெடிபொருளை நேராகத் துறைமேடையில் இறக்க முடியாது, பக்கத்தில் சிறு படகுகளை அணைத்து அவற்றில்தான் இறக்க வேண்டும். அந்தப் படகுகள் உடனே வரவில்லை. வெடிபொருள் உள்ள கப்பல் ஏற்ற வேண்டிய சிவப்புக் கொடியும் ஏற்றப்படவில்லை. எல்லாக் கப்பலும் ஏதோ ஓர் ஆயுதத்தைச் சுமந்த காலம், அந்த விதியை யாரும் பொருட்படுத்தவில்லை. அதனால் பக்கத்தில் நின்ற மற்றக் கப்பல்களில் இருந்தவர்களுக்குத் தங்கள் அருகில் என்ன நிற்கிறது என்றே தெரியாது.

14-ஆம் தேதி மதியம் பக்கத்துக் கப்பல்களில் சிலர் புகையைப் பார்த்திருக்கிறார்கள். கப்பலிலேயே புகை என்றால் அவர்கள் கவனித்திருப்பார்கள் என்று விட்டுவிட்டார்கள். சாப்பாட்டு இடைவேளை முடிந்து தொழிலாளர்கள் ஹோல்டில் இறங்கிய பிறகு, ஏறக்குறைய இரண்டு மணிக்குத்தான் கூச்சல் எழுந்தது. தீயணைப்பு வண்டிகள் சீக்கிரமே வந்துவிட்டன.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவே ஆறாதது. இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை, இரண்டு மணி நேரம் கையில் இருந்தது. வெடிபொருள் தெரிந்த ராணுவ அதிகாரி ஒருவர் வந்து, இந்தத் தீ வெடிபொருளைத் தொட்டால் டாக்கே போய்விடும், கப்பலை மூழ்கடியுங்கள் என்றார். அந்த இடத்தில் தண்ணீர் ஆழம் போதாது, மூழ்கடித்தாலும் ஹோல்டு முழுக்க நனையாது என்று பதில் வந்தது. துறைமுகத் தரப்பு கப்பலை இழுத்துக்கொண்டு கடலுக்குப் போகச் சொன்னது. தீயணைப்புத் தரப்புக்கோ இங்கேயே நின்று தண்ணீர் அடித்தால் அணைத்துவிடலாம் என்ற நம்பிக்கை. கப்பலின் கேப்டனுக்கு எதைக் கேட்பது என்று தெரியவில்லை. ஒரே குரலில் உத்தரவு போடும் அதிகாரம் அங்கே இருந்த எவருக்கும் தெளிவாகக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்கலாம், ஆனால் யாரும் முடிவெடுக்க முடியாது என்ற நிலை. அதற்குள் 900 டன்னுக்கும் மேல் தண்ணீர் உள்ளே போயிருந்தது. தண்ணீர் ஏற ஏற எரியும் பேல்கள் மிதந்து மேலே எழும்பின. மேலே இருந்தது என்ன என்று முன்பே சொன்னேன்.

கப்பலின் பக்கத் தகட்டில் ஓரிடத்தில் பெயிண்ட் கொப்புளித்தது. நெருப்பு அதற்கு நேர் பின்னால் இருக்கிறது என்று அர்த்தம். அங்கே தகட்டை வெட்டி நேராகத் தண்ணீர் அடிக்க நினைத்தார்கள். வெட்டும் கருவி சரியாக வேலை செய்யவில்லை. 3:50-க்குக் கப்பலை விட்டு இறங்க உத்தரவு வந்தது. 4:06-க்கு முதல் வெடிப்பு.

இறந்த தீயணைப்பு வீரர்கள் 66 பேர். தளத்திலும் கரையிலும் குழாயைப் பிடித்தபடி நின்றவர்கள். கேப்டனும் உயிர் தப்பவில்லை. அருகில் நின்ற சுமார் 4,000 டன் 'ஜலபத்மா' என்ற கப்பல் எழும்பிப் பின்பகுதி கரைமேல் கிடந்தது. சுமார் அரை மணி கழித்துப் பின்பக்க ஹோல்டில் இருந்த வெடிபொருள் வெடித்தது, அது முதலாவதைவிடப் பெரியது. எரியும் பஞ்சும் சூடான இரும்பும் நகரத்தின்மேல் விழுந்து, கிட்டங்கிகளும் குடியிருப்புகளும் பற்றிக்கொண்டன. ஜப்பான் விமானம் குண்டு போட்டுவிட்டது என்றே பலர் நினைத்தார்கள். சிம்லாவில் இருந்த நிலநடுக்கக் கருவி அதிர்வைப் பதிவு செய்தது. மொத்த உயிரிழப்பு 800-இலிருந்து 1,300 வரை என்று மதிப்பிடுகிறார்கள். துறைமுகக் கூலிகளில் பலர் எந்தப் பதிவிலும் இல்லாத தினக்கூலிகள், ஆகையால் மேல் எண்ணிக்கையே உண்மைக்கு அருகில் இருக்கும் என்று நான் நினைக்கிறேன். சுமார் 80,000 பேர் வீடிழந்தார்கள். முந்தைய ஆண்டுதான் வங்காளப் பஞ்சம் நடந்தது, இங்கே கிட்டங்கிகளில் இருந்த தானியம் ஆயிரக்கணக்கான டன் எரிந்து போனது.

செய்தி வெளியே போகாமல் அரசு தணிக்கை செய்தது. ஆனால் ஜப்பான் கையில் இருந்த சைகோன் வானொலி மறுநாளே விவரமாகச் சொல்லிவிட்டது! இந்தியப் பத்திரிகைகள் எழுத அனுமதி கிடைக்க மே மாதம் ஆனது.

தங்கத்தைப் பற்றியும் கேட்பீர்கள். ஒரு கட்டி சுமார் பன்னிரண்டரை கிலோ. ஒன்று தூரத்தில் ஒரு வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. அந்த வீட்டுக்காரர் அதை நேர்மையாக ஒப்படைத்தார். மற்றவை டாக்கைத் தூர்வாரும்போது பல பத்தாண்டுகள் கழித்தும் கிடைத்தன. இணையத்தில் இந்தக் கப்பலைத் தேடினால் முதலில் வருவது இந்தத் தங்கம்தான். குழாயோடு நின்றவர்கள் அதற்குப் பிறகே வருகிறார்கள், அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மும்பை போனால் பைக்குலாவில் தீயணைப்புத் தலைமையகத்தில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது, அவசியம் பாருங்கள்.

சதியா என்று சிலர் கேட்பதுண்டு. விசாரணை ஆணையம் அந்தச் சந்தேகத்தையும் ஆராய்ந்தது, நாசவேலை என்று முடிவு சொல்லவில்லை. யாரோ ஹோல்டில் புகைத்துவிட்டுப் போட்ட துண்டு பஞ்சில் பட்டிருக்க வேண்டும் என்பதே அதிகம் பொருந்திய விளக்கம். அந்தத் தொழிலாளியின் தலையில் முழுப் பழியையும் போட நான் ஒப்பமாட்டேன். பஞ்சுக்கு மேல் வெடிபொருள் வைத்ததையும், டாக்கில் யாரும் உறுதியாக முடிவெடுக்காததையும் ஆணையமே காரணங்களாக எழுதியிருக்கிறது.