உள்ள இப்ப எத்தனை பேரு? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க ஊர் அம்மன் திருவிழாவுல கடைசி நாள் பாட்டுக் கச்சேரி வைப்போம். போன வருஷம் எவ்வளவு கூட்டம்னு அன்னதான இலைய வச்சுத்தான் கணக்குப் போட்டோம். அது போதுமா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: சமையல்காரருக்கு பணம் செட்டில் பண்ண போதும்ணே. ஆனா ராத்திரி 9 மணிக்கு மேடைக்கு முன்னாடி எத்தனை பேரு நிக்கிறாங்கன்னு இலை சொல்லாது, பாட்டு மட்டும் கேக்க வந்தவங்க அதுல வர மாட்டாங்க, ரெண்டு பந்தியிலயும் உக்காந்தவரு ரெண்டு தடவ வருவாரு. உங்களுக்கு வேண்டியது மொத்தம் வந்தது எத்தனைங்கறது இல்ல, இப்ப உள்ள எத்தனைங்கறதுதான். அதாவது வந்தவங்கள்ல போனவங்கள கழிச்சா மிச்சம்.

ஒவ்வொரு வாசலுக்கும் ரெண்டு பேர போடுங்க, ஒருத்தர் வர்றவங்கள எண்ணணும், இன்னொருத்தர் போறவங்கள. கோயில் வாசல் கடையில நாமஜபம் எண்ண விரல்ல மாட்டுற கவுண்ட்டர் விக்கிறாங்கல்ல, அதுவே போதும். கால் மணி நேரத்துக்கு ஒருக்கா எல்லா வாசல் நம்பரையும் ஒரே ஆள் வாங்கி நோட்டுல எழுதணும். கைக்குழந்தையும் ஒரு தலைதான், விட்டுறாதீங்க. பெரும்பாலும் கணக்கு ஓட்டையாகுறது மேடைக்குப் பின்னாடி ஜெனரேட்டர் வண்டிக்குன்னு திறந்து வச்ச கேட்டுலதான், ஊர்ப் பயலுக அத்தனை பேருக்கும் அந்த வழி தெரியும். அங்கயும் ஆள் வேணும், இல்ல பூட்டாம சாத்தி வச்சு அவசரத்துக்கு மட்டும் திறக்க ஒரு ஆள நிறுத்துங்க. பூட்டுப் போட்டுட்டு சாவிய யாரோ எடுத்துட்டுப் போற கதை மட்டும் வேணாம்.

கேள்வி: ஒரு இடத்துல எத்தனை பேரு நிக்கலாம்னு எப்படி முடிவு பண்றது? (வாசகி, காரைக்குடி)

பதில்: டேப் எடுத்துட்டு மைதானத்துக்குப் போங்கம்மா. 100 அடிக்கு 60 அடின்னு வச்சுக்கிட்டா 6,000 சதுர அடி, அதுல மேடை, ஸ்பீக்கர், கடைக, நடக்குற வழி எல்லாம் ஒரு 2,000 போயிரும், மிச்சம் 4,000. அமெரிக்காவுல பெர்க்லியில ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ்னு ஒரு பத்திரிகைப் பேராசிரியர் 1960கள்ல ஜன்னல் வழியா மாணவர் போராட்டத்தப் பாத்து, கீழ தரையில இருந்த கட்டங்கள வச்சே கூட்டத்த மதிப்புப் போட்டாரு. அவரு கணக்குல தாராளமா நின்னா ஆளுக்கு 10 சதுர அடி, நெருக்கி நின்னா 4.5. அந்தக் கணக்குப்படி உங்க மைதானத்துல வசதியா 400 பேரு, நெருக்கமா கிட்டத்தட்ட 890. ஒரு சதுர மீட்டருக்கு, அதாவது கிட்டத்தட்ட 11 சதுர அடிக்கு, நாலு பேருக்கு மேல போக விடாதீங்கன்னுதான் கூட்டப் பாதுகாப்புல பொதுவா சொல்றாங்க, அதுவும் நீங்க தொட வேண்டிய இலக்கு இல்ல, அதுக்கு ரொம்ப முன்னாடியே வாசல மெதுவாக்கணும். இன்னொண்ணு, சராசரிய நம்பி ஏமாறாதீங்க, பின்னாடி பாதி மைதானம் காலியா இருக்கும், மேடைக்கு முன்னாடி மூச்சு முட்டும். அதனால கயிறு கட்டி நாலஞ்சு பாகமா பிரிச்சு பாகம் பாகமா பாருங்க.

கேள்வி: "லட்சம் பேர் திரண்டனர்"னு பேப்பர்ல போடுறாங்களே, நம்பலாமா? (வாசகர், குன்றக்குடி)

பதில்: சதுர மீட்டருக்கு நாலு பேருன்னு நெருக்கி நிறுத்தினாலும் லட்சம் பேருக்கு 6 ஏக்கருக்கு மேல வேணும். அந்த இடம் எத்தனை ஏக்கர்னு மட்டும் விசாரிங்க.

கேள்வி: எங்க பழைய செட்டிநாட்டு வளவு வீட்டுல அப்பச்சிக்கு சாந்தி, அதான் வயசு நிறைவு விசேஷம், வச்சிருக்கோம், 500 பேருக்கு சொல்லியிருக்கு. வீடு பெருசுதான், பயப்படணுமா? (ஆச்சி ஒருவர், கானாடுகாத்தான் பக்கம்)

பதில்: வீடு பெருசு, வாசல்தான் சின்னது ஆச்சி. பிரிட்டன்ல விளையாட்டு மைதானங்களுக்கு வச்சிருக்கிற வழிகாட்டியில சமதரையில ஒரு மீட்டர் அகலத்துல நிமிஷத்துக்கு 82 பேரு போகலாம்னு கணக்கு. நாலடி அகல நிலைவாசல்னா நிமிஷத்துக்கு நூறு பேருக்குக் கொஞ்சம் கம்மி, 500 பேரு வெளிய வர அஞ்சு நிமிஷம் தாண்டும். அது யாரும் தடுக்காம ஒழுங்கா நடந்தா. நம்ம நிலைக்கு உசரமான வாசப்படி இருக்கு, அதத் தாண்டினா படியில குவிஞ்சு கிடக்கிற செருப்பு, வயசானவங்க குனிஞ்சு அவங்க ஜோடியத் தேடுவாங்க, பின்னாடி வர்றவங்க அப்படியே முட்டிக்கிட்டு நிப்பாங்க. செருப்புக்கு தெருவுல தள்ளி ஒரு ஷாமியானா போட்டுருங்க. நம்ம பெரியவங்க முகப்புலேர்ந்து பின்கட்டு வரைக்கும் கதவுகள ஒரே நேர்கோட்டுல வச்சுக் கட்டியிருக்காங்க, பின்வாசல் அடுத்த தெருவுல திறக்கும். விசேஷத்தன்னிக்கு அங்க காய்கறி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் அடுக்கி வச்சு அந்த வழியவே அடைச்சிருப்போம். முதல்ல அத ஒதுக்குங்க, அப்புறம் சாமான் அறைய யோசிக்கலாம்.

கேள்வி: நெரிசல்ல மிதிபட்டுத்தான் ஜனங்க சாகுறாங்களா? (மாணவர், அழகப்பபுரம்)

பதில்: நிறைய சாவு நின்னபடியே நடக்குது தம்பி. நாலா பக்கமும் அழுத்துறப்ப நெஞ்சு விரிய இடமில்லாம மூச்சு நின்னுருது. சியோல்ல இடேவான் பகுதியில 2022 அக்டோபர்ல 159 பேரு இறந்தாங்க, மூணு மீட்டர் சொச்சம் அகலமே இருந்த ஒரு சரிவான சந்துல. கும்பகோணம் மகாமகத்துல 1992ல பல பேரு, சென்னை எம்.ஜி.ஆர் நகர்ல 2005ல வெள்ள நிவாரணம் வாங்கப் போன இடத்துல 42 பேரு, கரூர்ல 2025 செப்டம்பர்ல 41 பேரு, நம்மகிட்டயே பட்டியல் இருக்கு. சதுர மீட்டருக்கு ஆறேழு பேருன்னு ஆயிட்டா யாரு நடக்குறது யாரு நிக்கிறதுன்னு நம்ம கையில இல்ல, கூட்டமே அலையா அசையும். அதுக்கு முன்னாடியே அறிகுறி தெரியும்: கையத் தூக்கி முகத்தத் தொட முடியல, ரெண்டு பக்கமும் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் உரசுறாங்கன்னா அப்பவே ஓரமா விலகிருங்க. மாட்டிக்கிட்டா ரெண்டு கையையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னாடி வச்சு மூச்சுக்கு இடம் வைங்க, அலை தள்ளுறப்ப எதிர்த்துத் தள்ளாதீங்க, அது அடங்குற நேரம் பாத்து குறுக்கா நகருங்க. கீழ விழுந்த போனுக்கு குனியவே கூடாது.

கேள்வி: கேமரா வச்சா அதுவே எண்ணிருமாமே? (வாசகர், திருப்பத்தூர்)

பதில்: வாசலுக்கு நேர் மேல மாட்டினா நல்லாவே எண்ணும். அடர்த்தியான கூட்டத்துல ஒருத்தர் தலை இன்னொருத்தர மறைக்கும், அங்க அது சொல்றது ஒரு மதிப்புதான். கரண்ட் போனா என்ன பண்ணுவீங்கன்னும் கேட்டுக்கங்க.

கேள்வி: நிறைஞ்சிருச்சுன்னு கேட்ட மூடினா மாமன் மச்சான்லாம் கோவிச்சுக்குவாங்களே? (விழாக் கமிட்டி உறுப்பினர், பள்ளத்தூர்)

பதில்: கோவிச்சுக்கத்தான் செய்வாங்க. அதனால கேட்டுல உள்ளூர்க்காரர நிறுத்தாதீங்க, யாரு சம்பந்தி யாரு பங்காளின்னே தெரியாத வெளியூர் ஆளா இருக்கணும், அதான் அந்த வேலைக்குத் தகுதி. எந்த நம்பர் வந்தா நிறுத்தணும்னு முன்னாடியே எழுதி கமிட்டியில கையெழுத்து வாங்கிருங்க, அந்த நேரத்துல தலைவருக்கு போன் போட்டு கேக்குற வேலையே வேணாம், ஸ்பீக்கர் சத்தத்துல அவருக்கு ரிங்கே கேக்காது. மூடுறத கேட்டுல வச்சுக்காதீங்க, கேட்டுல மூடினா பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியாம முன்னாடி நிக்கிறவங்கள அமுக்கிருவாங்க. ஒரு ஐம்பது அடி தள்ளி தெருமுனையிலயே நிறுத்தி, அங்க ஒரு பந்தலும் தண்ணி டிரம்மும் போட்டு, மைக்குல ஒருத்தர் விடாம சொல்லிக்கிட்டே இருக்கணும்: இருபது பேரு வெளிய வந்தா இருபது பேரு உள்ள.