25 பேர் வரும் விருந்துக்கு அமெரிக்கத் தெற்குப் பாணி பார்பிக்யூ மெனு எப்படிப் போடுவது?

நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலில் டெக்சஸ் பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சுக்கறி), மெம்ஃபிஸ் ரிப்ஸ் (பன்றி விலா), புல்டு போர்க் (வேகவைத்துப் பிய்த்த பன்றிக்கறி), கோழி என நான்கு கறி இருக்கிறது. இரண்டை அடித்துவிடுங்கள். நான் வட கரோலினாவில் 11 வருடங்களாக இருக்கிறேன், வருடத்துக்கு இரண்டு தடவையாவது வீட்டுப் பின்புறத்தில் இதைச் செய்கிறேன். நான்கு கறியையும் ஒரே நாளில் நன்றாகச் செய்ய ஒரு ஸ்மோக்கரும் (விறகுப் புகையில் மெதுவாக வேகவைக்கும் அடுப்பு) ஒரு ஆளும் போதாது.

தெற்கில் பார்பிக்யூ என்பது ஒரே உணவு இல்லை, ஊருக்கு ஊர் மாறும். வட கரோலினாவின் கிழக்குப் பக்கம் முழுப் பன்றியை விறகுத் தணலில் வேகவைத்து, வினிகரும் மிளகாயும் கலந்த தண்ணீரான சாஸை ஊற்றுவார்கள். அதே மாநிலத்தில் லெக்சிங்டன் பக்கம் போனால் தோள்கறி மட்டும்தான், சாஸில் கொஞ்சம் கெட்சப் சேரும். தென் கரோலினாவில் கடுகு சாஸ். அலபாமாவின் வடக்கில் புகையில் வெந்த கோழிக்கு மயோனைஸும் வினிகரும் கலந்த வெள்ளை சாஸ். டெக்சஸில் மாட்டுக்கறி, உப்பும் மிளகும் போதும் என்பார்கள். ஒவ்வொரு ஊரின் சாஸும் தொட்டுக்கொள்ளும் பதார்த்தங்களும் அந்த ஊர்க் கறியின் கொழுப்புக்கு ஏற்றபடி அமைந்தவை, அதனால் ஒரு ஊரைப் பிடித்துக்கொண்டு மெனு போட்டால் பாதி வேலை தானாகவே முடிந்துவிடும்.

முதல் தடவை செய்பவருக்கு நான் சொல்வது பன்றித் தோள்கறிதான். கடையில் 'பாஸ்டன் பட்' என்று கேளுங்கள். கொழுப்பு நிறைய இருப்பதால் சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் கெட்டுப்போகாது, பிரிஸ்கெட் அப்படி மன்னிக்காது. வெந்த கறி ஆளுக்கு 150 கிராம் என்று வையுங்கள். எலும்பும் கொழுப்பும் போக எடை ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பதால் 25 பேருக்கு ஏழரைக் கிலோ பச்சைக்கறி வேண்டும், அதாவது இரண்டு பெரிய துண்டுகள். பன்றி சாப்பிடாதவர்களுக்குக் கோழித் தொடை. அதைத் தனித் தட்டில் தனிக் கரண்டியோடு வையுங்கள்.

நேரத்தைச் சாப்பிடும் மணியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 110 டிகிரி செல்சியஸில் நான்கு கிலோ துண்டு வேக 12 மணி நேரம்கூட ஆகும். என் முதல் விருந்தில் ஆறு மணி நேரம் போதும் என்று நினைத்துக் காலையில் ஏற்றினேன். கறியின் உள்சூடு 70 டிகிரி பக்கம் வந்து மணிக்கணக்கில் அப்படியே நின்றுவிட்டது, குழந்தைகளோடு வந்தவர்கள் இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டார்கள், அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. அது தணலின் குறை இல்லை. மண்பானையில் ஈரம் கசிந்து தண்ணீர் குளிர்கிறதே, அதேபோல் கறியின் மேல் ஈரம் ஆவியாகி அதைக் குளிரவைக்கிறது. அந்தக் கட்டத்தில் அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றிவிட்டால் சூடு மறுபடி ஏறும். 95 டிகிரி வந்ததும் எடுங்கள், அப்போதுதான் உள்ளே இருக்கும் ஜவ்வு கரைந்து கையால் பிய்க்க வரும். மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடு என்றால் முந்தின இரவு பத்து மணிக்கே ஏற்றுங்கள். சீக்கிரம் முடிந்தால் கவலையே இல்லை, தடித்த டவலில் சுற்றி ஐஸ் இல்லாத கூலர் பெட்டியில் மூடி வைத்தால் மூன்று மணி நேரம் சூடாகவே இருக்கும். 60 டிகிரிக்குக் கீழே மட்டும் இறங்க விடாதீர்கள்.

விறகு ஹிக்கரி அல்லது ஓக். சாஸ் முந்தின நாளே செய்ய வேண்டியது: ஆப்பிள் சைடர் வினிகர் இரண்டு கப், உப்பு ஒரு மேசைக்கரண்டி, கொரகொரப்பாக இடித்த காய்ந்த மிளகாய், மிளகு, துளி நாட்டுச் சர்க்கரை. கொழுப்பான கறிக்கு இந்தப் புளிப்புதான் உயிர். பாட்டிலில் வரும் இனிப்பு சாஸை ஊற்றினால் ஒரு இரவு முழுக்க ஏற்றிய புகை மறைந்துவிடும், தயவுசெய்து வேண்டாம்.

கூடவே வைப்பதற்குக் கோல்ஸ்லா (முட்டைக்கோஸ் சாலட்) கட்டாயம், அதையும் வினிகரில் செய்தால் வெயிலில் தாங்கும். பேக்டு பீன்ஸ், கார்ன்பிரெட் (மக்காச்சோள மாவு ரொட்டி), உருளைக்கிழங்கு சாலட் போதும். கொல்லார்ட் கீரை பிடித்தால் சேருங்கள், நேரம் இல்லையென்றால் விட்டுவிடலாம். இங்கே ஒரு கவனம்: தெற்கில் கீரையைப் பன்றிக் கணுக்கால் போட்டு வேகவைப்பது வழக்கம், பீன்ஸிலும் பேக்கன் (உப்பிட்ட பன்றிக்கறி) இருக்கும், கார்ன்பிரெட்டிலும் சிலர் அந்தப் பன்றிக் கொழுப்பைத் தடவுவார்கள். உங்கள் கூட்டத்தில் சைவம் இருந்தால் இந்த மூன்றையும் எண்ணெயில் செய்துவிட்டு, முன்கூட்டியே அவர்களிடம் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு வெறும் ரொட்டியோடு எழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனிப்புக்கு வாழைப்பழப் புட்டிங். அது முந்தின இரவு ஃபிரிட்ஜில் ஊறினால்தான் பிஸ்கட் இளகி நன்றாக இருக்கும், விருந்தன்று அதற்காக நீங்கள் கைவைக்க வேண்டியதே இல்லை. அப்புறம் ஸ்வீட் டீ, அதாவது ஐஸ் போட்ட இனிப்புத் தேநீர். அதில் சர்க்கரையைச் சூடாக இருக்கும்போதே கரைத்துவிடுங்கள், ஐஸ் நீங்கள் நினைத்ததைப்போல் இரண்டு மடங்கு வாங்குங்கள்.