வன்னியில் மனிதவளப் படிப்பு எதற்கு?

அன்பின் அக்காவுக்கு,

நான் கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் உதவியாளராக இருக்கிறேன். கலைமாணி முடித்தவள். மனிதவள அபிவிருத்தியில் முதுமாணி செய்ய ஆசை. அம்மாவுக்கு விருப்பமில்லை. "அரசாங்க நியமனம் வருமட்டும் பொறுத்திரு, இருக்கிற காசைக் கரைக்காதே" என்கிறார். கூட வேலை செய்பவர்கள் "அது கொழும்புக் கம்பனிகளுக்கான படிப்பு, வன்னியில் அதை வைத்து என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்கிறார்கள். ஒரு வருடத்துக்குள் இணையத்திலேயே முடிக்கலாம் என்று ஒரு வெளிநாட்டுப் படிப்பின் விளம்பரமும் பார்த்தேன். நகையை அடகு வைத்தால் கட்டணத்தைக் கட்டிவிடலாம். படிக்கலாமா, விடலாமா?

ம., கிளிநொச்சி

அன்பின் ம.,

படியுங்கள். நகையை அடகு வைப்பது பற்றியும் அந்த விளம்பரம் பற்றியும் பிறகு சொல்கிறேன். முதலில் உங்களோடு வேலை செய்பவர்களின் கேள்விக்கு வருகிறேன். வன்னியில் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள், அது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பெற்றோல் கிடையாது. நாலு துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓடவைத்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். இதையெல்லாம் செய்துகாட்டியவர்களில் பலர் ஓ.எல். கூட முடிக்காத பெடியள். அவர்கள் இன்று ஐம்பதை நெருங்கியோ தாண்டியோ மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் கராஜ் வைத்திருக்கிறார்கள், அல்லது நாட்கூலிக்குப் போகிறார்கள். ஒரு கம்பனி ஆள் எடுக்கும்போது இவர்கள் விண்ணப்பித்தால், சான்றிதழ் இல்லை என்பதால் 'பயிற்சியற்ற தொழிலாளி' என்ற பட்டியலில்தான் பெயர் விழுகிறது. தேசிய தொழிற்தகைமை முறையில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒருவர் ஏற்கெனவே கற்றுவைத்திருக்கும் தொழிலைச் செய்துகாட்டச் சொல்லி, மதிப்பிட்டு, அதற்குரிய மட்டத்தில் என்.வி.கியூ. என்ற தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுப்பார்கள். எங்கள் ஊர்களில் இது தேவைப்படுகிற எத்தனை பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியும்? அவர்களைத் தேடிப்போய், அவர்களின் கைத்திறனை அளந்து, அதைச் சம்பளமாக மாற்றிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் இந்தப் படிப்பு உருவாக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

2009க்குப் பிறகு இங்கே பயிற்சிக்குப் பஞ்சமே இருக்கவில்லை. தையல், கோழி வளர்ப்பு, காளான், கணினி. அதே பெண்களே ஒன்று மாறி ஒன்றுக்குப் போனார்கள். சாப்பாட்டுப் பார்சல், குழுப் படம், சான்றிதழ், அறிக்கை. டொனால்ட் கேர்க்பற்றிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959இல் பயிற்சியை மதிப்பிட நான்கு படிகள் எழுதினார். வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, கற்றதை வேலையில் செய்கிறார்களா, அதனால் பலன் ஏதும் வந்ததா. நான் பார்த்த அறிக்கைகளில் பெரும்பாலானவை முதற்படியிலேயே நின்றுவிட்டன. ஆறு மாதம் கழித்துத் திரும்பிப்போய் "அக்கா, அந்தத் தையல் மெசின் ஓடுதா, வித்துப்போட்டீங்களா?" என்று கேட்க ஆளில்லை. விற்றிருந்தால் ஏன் விற்றார்கள் என்று கேட்கவும் ஆளில்லை. அடுத்த திட்டத்திலும் மறுபடி தையல் மெசினே வந்தது.

நீங்கள் இப்போது பார்க்கும் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். வரவுப் பதிவு, லீவு, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) படிவம், விளக்கம் கேட்கும் கடிதம். இவை இல்லாமல் ஒரு தொழிற்சாலை நடக்காது, ஆனால் இவை நிர்வாகம். ஹெல்ப்பராகச் சேர்ந்த ஒரு பிள்ளை ஐந்து வருடத்தில் சுப்பவைசராக வருவதற்கு வழி இருக்கிறதா? கல்யாணத்தோடு நிற்கிறவர்கள் ஏன் நிற்கிறார்கள்? புதிதாக வருகிறவருக்கு உண்மையில் வேலை பழக்குவது யார், பயிற்சி அறையா, பக்கத்து மெசின்காரியா? அபிவிருத்தி இந்தக் கேள்விகளில்தான் தொடங்குகிறது. இந்தியாவில் 1975இல் உதய் பாரீக், டி.வி. ராவ் என்ற இரு பேராசிரியர்கள் எல் அண்ட் டி என்ற பொறியியல் நிறுவனத்துக்காக நிர்வாகத்தையும் அபிவிருத்தியையும் பிரித்து, மனிதவள அபிவிருத்திக்கென்று தனி அமைப்பை வடிவமைத்துக் கொடுத்தார்கள். அமெரிக்கப் பாடநூல்களோடு அவர்கள் இருவரையும் கட்டாயம் படியுங்கள். அவர்கள் பார்த்த வேலைத்தளம் எங்களுடையதற்குக் கிட்டவானது.

ஆய்வுக்கு ஒரு தலைப்பையும் முன்வைக்கிறேன். 1951இல் ட்ரிஸ்ட், பாம்ஃபோர்த் என்ற இருவர் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். முன்பு சிறு குழுக்களாக, ஒருவரை ஒருவர் நம்பி வேலை செய்தவர்கள், புதிய இயந்திரமுறை வந்ததும் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். வேலைக்கு வராமல் நிற்பது கூடியது. இயந்திரம் நல்லதாக இருந்தும் எதிர்பார்த்த பலன் வரவில்லை. இனி முல்லைத்தீவுக் கரைக்கு வாருங்கள். ஒரு சம்மாட்டியின் (வலைச் சொந்தக்காரரின்) கீழ் பலர் சேர்ந்து கையால் இழுத்த கரைவலையை உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி இழுக்கத் தொடங்கியபோது, அந்தக் குழுவுக்கும் பங்குக்கும் என்ன நடந்தது? இளம் பெடியனுக்கு நீரோட்டம் பார்க்கப் பழக்கியது யார், இப்போது பழக்குவது யார்? அங்கே போய் இருந்து கேட்டு எழுதப்பட்ட ஓர் ஆய்வை நான் ஆசையோடு வாசிப்பேன்.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஐந்து கட்டம் போட்ட கேள்விக்கொத்தை லைனில் உள்ள பிள்ளைகளிடம் கொடுத்து, எல்லாரும் 'உடன்படுகிறேன்' என்று புள்ளடி போட்டதைக் கணினியில் ஏற்றி அட்டவணை ஆக்காதீர்கள். சுப்பவைசர் பக்கத்தில் நிற்கும்போது வேறு எதற்குப் புள்ளடி போடுவார்கள்? வேலை முடிந்து பஸ்ஸில் போகும்போது கதையுங்கள், வீட்டுக்குப் போய்க் கதையுங்கள்.

எந்தப் படிப்பு என்பதில் நான் கறார். இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் முதுமாணிக்கு இரண்டு மட்டங்கள் உண்டு. ஒன்பதாம் மட்டம் பாடநெறி மட்டும், 30 திறமைப் புள்ளிகள் (கிரெடிட்). பத்தாம் மட்டம் ஆய்வோடு சேர்ந்தது, 60 புள்ளிகள். பாடநெறியில் ஒரு புள்ளிக்கு 50 மணித்தியாலக் கற்றல் என்பது கணக்கு. அப்படிப் பார்த்தால் 30 புள்ளிக்கே 1500 மணித்தியாலம். வாரத்தில் 15 மணித்தியாலம் ஒதுக்க முடிந்தாலும் ஏறக்குறைய இரண்டு வருடம். உங்களுக்கு நான் சொல்வது பத்தாம் மட்டம். சுமை கூட, ஆனால் அந்த ஆய்வுதான் உங்களை வேறு ஆளாக ஆக்கும். கொழும்பு என்றால் வெள்ளி இரவு பஸ் ஏறி ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் காலை வேலைக்குப் போகவேண்டும். ஒரு வருடத்தில் உடம்பு சொல்லிவிடும். அதனால் முதலில் யாழ்ப்பாணத்தையும், 2021 ஓகஸ்ட்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவையும் விசாரியுங்கள். முகாமைத்துவத்தில் முதுமாணி எடுத்து, ஆய்வை மனிதவள அபிவிருத்தியில் செய்ய இடம் தருவார்களா என்றும் கேளுங்கள். உங்களுடையது கலைமாணி என்பதால் அனுமதித் தகைமையைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் உறுதிசெய்யுங்கள்.

விளம்பரத்தில் பார்த்த அந்த ஒரு வருடப் படிப்பு வேண்டாம். அதைத் தரும் நிறுவனத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்று பாருங்கள். அங்கீகரித்தாலும், கிளிநொச்சியில் ஒரு வேலைத்தளத்துக்குள்கூட உங்களை அனுப்பாத படிப்புக்கு நகையைக் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

படிப்போடு தொழிற்சட்டத்தையும் கையில் எடுங்கள். ஏ9 வீதியோரக் கடைகளிலும் சிறு நிறுவனங்களிலும் நியமனக் கடிதமே இல்லாமல் எத்தனையோ பிள்ளைகள் நிற்கிறார்கள். ஈ.பி.எஃப்.இல் தங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதமும் முதலாளியிடமிருந்து 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியான ஈ.ரி.எஃப்.இல் முதலாளியிடமிருந்து 3 வீதமும் சேரவேண்டும் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் வேலை செய்தவருக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பணிக்கொடை உண்டு என்பதும் தெரியாது. உரிமை கிடைக்காத இடத்தில் திறன் வளர்ப்பு பற்றிப் பேசினால் யாரும் காதுகொடுக்கமாட்டார்கள், கொடுக்கவும் தேவையில்லை.

அம்மாவின் பயம் நியாயமானது. பலமுறை இடம்பெயர்ந்து எல்லாவற்றையும் விட்டுவந்த தலைமுறைக்கு, மாதம் தவறாமல் வரும் அரசாங்கச் சம்பளமும் ஓய்வூதியமும்தான் நிலையானவை. அதோடு சண்டை பிடிக்காதீர்கள். நியமனத்துக்கு விண்ணப்பிப்பதை நிறுத்தவும் வேண்டாம். வேலையில் இருந்துகொண்டே படித்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று தடை இல்லை. நியமனம் கிடைத்து ஒரு பிரதேச செயலகத்தில் போய் இருந்தாலும், பயிற்சித் திட்டங்கள் அந்த மேசைக்குத்தான் வரும்.

கட்டணத்தைத் தவணையில் வாங்குவார்களா என்று கேட்டு, சம்பளத்திலிருந்து கட்டப் பாருங்கள். முடியாவிட்டால் ஒரு வருடம் சேர்த்துவிட்டுத் தொடங்குங்கள். இடையில் அந்த வருடத்தை ஆங்கில வாசிப்புக்கும் ஆய்வுத் தலைப்புக்கும் கொடுக்கலாம். கரைவலை பற்றி எழுதுவதென்று முடிவெடுத்தால் அறியத்தாருங்கள். முல்லைத்தீவில் அளம்பில் பக்கம் கதைக்கக்கூடிய ஆட்களை எனக்குத் தெரியும், கூட்டிக்கொண்டு போகிறேன்.

அன்புடன்,
அக்கா