ஆடிப்பட்டமும் கரிசல் காடும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் செங்கம் பக்கம். முப்பது வருடம் சென்னையில் வேலை பார்த்துவிட்டு, இப்போது மனைவியின் ஊரான விளாத்திகுளம் பக்கம் குடிவந்திருக்கிறேன். மாமனார் விட்டுப்போன நாலு ஏக்கர் கரிசல் காடு இருக்கிறது. எங்கள் தாத்தா ஆடி பிறந்ததும் "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று சொல்லிக்கொண்டேதான் மல்லாட்டை (நிலக்கடலை) விதைப்பார். அந்த நினைப்பில் போன வருடம் ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு இரண்டு ஏக்கரில் உளுந்து விதைத்தேன். மூன்றாம் நாள் ஒரு மழை விழுந்தது, முளைத்தது. அப்புறம் வெறும் காற்றுதான். இரண்டு வாரத்தில் எல்லாம் கருகிவிட்டது. விதை, உழவுக்கூலி எல்லாம் போனது. பக்கத்துக் காட்டு அண்ணாச்சி, "ஆடியில போய் விதைப்பாகளா?" என்று கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

கல்லூரியில் படிக்கும் மகள், "தாத்தா காலத்துப் பேச்சை நம்பாதீங்கப்பா, மழையெல்லாம் போன்லயே தெரியும்" என்கிறாள். பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போனது பொய்யா, அல்லது காலம் மாறியதால் பொய்த்துவிட்டதா? அவளுக்கு நான் இனி எதைச் சொல்லிக்கொடுப்பது?

வே.

அன்புள்ள தம்பி,

முளைக்காமலே போன விதையைக்கூட மறந்துவிடலாம். முளைத்து இரண்டு இலை விட்ட பயிர் கண்ணெதிரே கருகுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது பெரிய வேதனை. எங்கள் வீட்டிலும் அது நடந்திருக்கிறது.

உங்கள் தாத்தா பொய் சொல்லவில்லை. காலம் மாறியதையும் இதற்கு முதல் காரணமாக நான் சொல்ல மாட்டேன். அவர் செங்கத்தில் நின்றுகொண்டு செங்கத்து மண்ணுக்குச் சொன்னார். நீங்கள் அதை விளாத்திகுளத்தில் விதைத்தீர்கள்.

செங்கம் இருக்கும் திருவண்ணாமலை மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் ஏறக்குறையச் சமமாக மழை கிடைக்கும். ஆடி ஆவணியில் சாயங்காலம் இடி இடித்துப் பெய்யும் மழை உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஈரத்தை நம்பித்தான் தாத்தா மல்லாட்டை போட்டார். ஆவணி, புரட்டாசி மழையில் அது பூத்து விழுது இறங்கி, ஐப்பசி வாக்கில் பிடுங்க வந்துவிடும்.

நம் பக்கம் கதையே வேறு. தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாகத்தான் இந்தப் பக்கம் இறங்குகிறது. குற்றாலத்தில் சாரல் கட்டும் அதே நாட்களில் விளாத்திகுளத்தில் புழுதி பறக்கும். விளாத்திகுளம் இருக்கும் தூத்துக்குடி மாவட்டத்தின் வருட மழையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வருவதுதான். ஆடியில் எப்போதாவது விழும் ஒரு மழை விதையை எழுப்பிவிடும், காப்பாற்றாது. "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்று சொல்வார்களே, நம் காட்டுக்குப் பொருந்துகிற ஆடிப் பழமொழி அதுதான். இங்குள்ள சம்சாரிக்கு, அதாவது விவசாயிக்கு, பட்டம் என்றால் புரட்டாசிப் பட்டம். அண்ணாச்சி கேட்டது கேலி மாதிரி உங்களுக்குப் பட்டிருக்கிறது. எனக்கு அது இந்த ஊர்ப் பழமொழியாகவே கேட்கிறது.

அந்தப் புரட்டாசி விதைப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் கேள்விக்குப் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

கரிசல் மண் நனைந்துவிட்டால் காலை வைக்க முடியாது, மாடும் டிராக்டரும் இறங்காது. மழை வந்த பிறகு விதைத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் மண் பதத்துக்கு வருவதற்குள் பட்டம் தப்பிவிடும். அதனால் மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்து மூடிவிடுவார்கள். புழுதி விதைப்பு என்று பெயர். வெளியூர்க்காரர் பார்த்தால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. விதை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்திலாவது கிடக்க வேண்டும். மேலாக நனைத்துவிட்டுப் போகும் தூறல் அவ்வளவு ஆழம் இறங்காது, விதை ஏமாந்து முளைக்காது. மண் ஊற நல்ல மழை பெய்தால் மட்டும் எழுந்து வரும். எங்கள் ஊரில் மழையை அளப்பதே அப்படித்தான்: "ஒரு உழவு மழை", "ரெண்டு உழவு மழை". கலப்பை இறங்கும் ஆழத்துக்கு ஈரம் சேர்ந்திருக்கிறதா என்பதுதான் கணக்கு.

கோவில்பட்டி உங்களுக்கு ஒரு மணி நேரப் பயணம். அங்கே 1901-இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பயிர்களுக்காகவே வேலை செய்துகொண்டிருக்கிறது. பருவமழைக்கு முன்பே விதைக்கச் சொல்லி அவர்கள் பரிந்துரைப்பதும் சம்சாரிகள் செய்துவந்த இந்தப் புழுதி விதைப்பும் அடிப்படையில் ஒரே வேலை. ஆழம் எவ்வளவு, எந்த வாரம், விதையை எப்படி நேர்த்தி செய்வது என்பதையெல்லாம் அவர்கள் சோதித்துத் துல்லியமாக்கியிருக்கிறார்கள். போய்ப் பாருங்கள், கேட்டால் சொல்வார்கள்.

எங்கள் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சித்திரையில் கோடை மழை பெய்த மூன்றாம் நாள் காலையில் என்னையும் இழுத்துக்கொண்டு காட்டுக்குப் போவாள். செருப்பை வரப்பிலேயே விட்டுவிட வேண்டும். நாலைந்து எட்டு நடந்து, மேல்மண்ணைக் காலால் விலக்கிவிட்டு, உள்ளிருந்து ஒரு கை மண் எடுத்துப் பிடிப்பாள், கொழுக்கட்டை பிடிப்பது மாதிரி. அதை இடுப்பு உயரத்திலிருந்து கீழே விடுவாள். விழுந்து பொலபொலவென்று உடைந்தால் உழவுக்குப் பதம். உடையாமல் அப்படியே சப்பிப்போய் உட்கார்ந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். கையில் உருண்டையே பிடிக்கவில்லை என்றால் ஈரம் போதவில்லை. ஓர் இடத்தில் பார்த்ததும் திரும்பிவிட மாட்டாள். மேட்டில் ஒரு முறை, பள்ளத்தில் ஒரு முறை, ஓடையோரம் ஒரு முறை. புரட்டாசியில் அவள் பார்ப்பது நேர்மாறு. விரலை மண்ணில் இறக்கி, உள்ளே அரை ஈரம் இல்லையே என்று உறுதி செய்துகொள்வாள். முழுக் காய்ச்சலில் விதை பத்திரமாகக் கிடக்கும், முழு ஈரத்தில் முளைக்கும், அரை ஈரத்தில் பாதி முளைத்துச் செத்துப்போகும். உங்கள் உளுந்துக்கு நடந்தது கிட்டத்தட்ட அதுதான்.

இதையெல்லாம் செய்யும்போது அவள் வாயில் ஏதாவது ஒரு சொலவடை ஓடிக்கொண்டிருக்கும். "சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்பாள், "அகல உழுவதைவிட ஆழ உழு" என்பாள். வளர்ந்த பிறகு எனக்கு அந்த வரிகள் மட்டும் நினைவில் நின்றன. மண்ணைப் பிடித்துப் பார்த்த கை மறந்துபோயிற்று. சொந்தமாகக் காடு பார்க்கத் தொடங்கி, ஒரு வருடம் அரை ஈரத்தில் கம்பு விதைத்துக் கெட்ட பிறகுதான் அந்தக் கையை நினைத்துப் பார்த்தேன். உங்களுக்கும் இதேதான் நேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். தாத்தாவின் வாயிலிருந்து வந்த மூன்று சொல் உங்களிடம் வந்து சேர்ந்தது. அதைச் சொல்வதற்கு முன் அவர் நாலு நாள் காட்டைச் சுற்றியிருப்பார், மேற்கே மின்னுவதைப் பார்த்திருப்பார், மண்ணைத் தொட்டிருப்பார். அது வந்து சேரவில்லை. வரியிலேயே "தேடி" என்று ஒரு சொல் இருக்கிறது பாருங்கள். ஆடி பிறந்தால் கண்ணை மூடிக்கொண்டு விதை என்று யாரும் சொல்லவில்லை. மழையையும் பதத்தையும் தேடிப் பார்த்து விதைக்கச் சொன்னார்கள்.

எல்லாப் பழமொழிக்கும் இப்படி ஊர் பார்க்க வேண்டியதில்லை. "நண்டோட நெல், வண்டியோட வாழை, தேரோட தென்னை" என்று இடைவெளிக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். நெற்பயிருக்கு நடுவே நண்டு ஓட வேண்டும், வாழைக்கு நடுவே வண்டி, தென்னைக்கு நடுவே தேர். இன்றைக்குத் தென்னைக்கு 25 அடியும் வாழைக்கு ஏறக்குறைய 6 அடியும் விடச் சொல்கிறார்கள். தென்னை மட்டையின் நீளம் பொள்ளாச்சியிலும் பட்டுக்கோட்டையிலும் பெரிதாக மாறாது, அதனால் அந்தக் கணக்கு எங்கே போனாலும் உடன் வரும். பயிரின் உடம்பை வைத்துச் சொன்னது ஊர் தாண்டும். வானத்தை வைத்துச் சொன்னதை எடுத்துப்போகும்போது, அது எந்த வானம் என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. முன்னோர் சொன்னது என்பதற்காக எல்லாவற்றையும் நான் தலையில் தூக்கிவைத்துக்கொள்வதில்லை. "அடியாத மாடு படியாது" என்று எங்கள் வீட்டில் மாட்டுக்கும் சொன்னார்கள், பிள்ளைகளுக்கும் சொன்னார்கள். என் பிள்ளைகள் காதில் அது விழவே கூடாது என்று இருந்தேன். "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்று ஒன்று. உழக்கு என்றால் கால் படி. எங்கள் அப்பா இதைப் புத்திமதியாகவே எடுத்துக்கொண்டார். கணக்கு எழுதினால் மனசு விட்டுப்போகும், எழுதாதே என்பார். பருத்திக்கு மருந்து அடித்த கடன் வருடத்துக்கு வருடம் ஏறியது. அவர் காலமான பிறகுதான் எவ்வளவு என்றே எங்களுக்குத் தெரிந்தது. எனக்கு அந்த வரியைக் கேட்டால் புத்திமதியாகத் தெரியவில்லை, விளைந்ததெல்லாம் நிலவாரத்துக்கும் வட்டிக்கும் போய்விட்ட ஒருவனின் அழுகையாகத்தான் கேட்கிறது. அதைக் கேட்டால் கூட உட்கார்ந்து அழலாம், கணக்கு நோட்டை மூடக் கூடாது. நான் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் உழவு, விதை, களை, மருந்து, பறிப்புக்கூலி என்று எழுதத் தொடங்கி மூன்று வருடத்தில் பருத்தியைப் பாதியாகக் குறைத்து உளுந்துக்கு மாறினேன். நீங்கள் விதையும் உழவுக்கூலியும் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு என்று எழுதவில்லை. எழுதிவையுங்கள்.

மகள் சொல்வதிலும் தப்பில்லை. வானிலைத் துறையும் வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து செவ்வாயும் வெள்ளியும் மாவட்ட வாரியாக வேளாண் வானிலை அறிக்கை தருகிறார்கள். மேகதூத் செயலியில் தமிழிலேயே பார்க்கலாம். ஆச்சி இருந்திருந்தால் எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு திட்டில் ஏறுவதைக் கவனித்த அதே ஆர்வத்தோடு இதையும் கேட்டிருப்பாள். ஆனால் மழை வந்து போன பிறகு உங்கள் மேட்டுக்காட்டில் ஈரம் எத்தனை விரல் இறங்கியிருக்கிறது என்பதை எந்தப் போனும் சொல்லாது. அதற்குக் குனிந்து மண்ணைத் தொட வேண்டும். மகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்று கேட்டீர்களே, முதலில் அந்த உருண்டை பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். உங்களுக்கே தெரியாது என்றால் இரண்டு பேருமாகச் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

இந்த ஆடியில் உழவு மட்டும் போதும். ஆவணி கடைசியில் ஒரு சாயங்காலம் மகளையும் கூட்டிக்கொண்டு அந்த அண்ணாச்சி வீட்டுக்குப் போங்கள். "போன வருசம் தெரியாம விதைச்சிட்டேன், இந்த வருசம் நீங்க விதைக்கிற அன்னைக்கு நானும் விதைக்கிறேன்" என்று சொல்லுங்கள். எங்கள் பக்கத்துச் சம்சாரிகள் அப்படிக் கேட்டால் மறுக்க மாட்டார்கள், அவரே வந்து விதை எவ்வளவு ஆழம் விழுகிறது என்று கிளறிப் பார்ப்பார். விதைத்த தேதியையும் முதல் உழவு மழை பெய்த தேதியையும் மகளை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஐப்பசியில் முளைப்பு எப்படி இருக்கிறது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், தம்பி. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா