சென்னையில் இத்தனை ஃபிளாட் கட்டியும் வாடகை ஏன் குறையவில்லை?

ஒருமுறை குறைந்தது, 2020-இல். நான் அப்போது பெருங்குடியில் வாடகைக்கு இருந்தேன். கொரோனா வந்து ஐடி ஆட்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனதும், எங்கள் தெருவில் கேட்டுக்குக் கேட் டூ-லெட் போர்டு. வருஷம் தவறாமல் ஆயிரம் ஏற்றும் ஹவுஸ் ஓனர் அவராகவே போன் செய்து, "தம்பி, ரெண்டாயிரம் குறைச்சே குடுங்க, காலி மட்டும் பண்ணிடாதீங்க" என்றார். 2022-இல் ஆபீஸ்கள் திறந்தன. அதே மனிதர் நாலாயிரம் ஏற்றினார். வீட்டில் ஒரு செங்கல்கூட மாறவில்லை. அதே டேங்கர் தண்ணீர், அதே ஒழுகும் பாத்ரூம். வாசலில் வந்து வீடு கேட்பவர்கள் மட்டும் பெருகிவிட்டார்கள்.

ஆட்கள் ஆறு மாதத்தில் வந்துவிடுவார்கள். வீடு அப்படி வராது. மனை, அப்ரூவல், கட்டுமானம் என்று வருஷக்கணக்கில் இழுக்கும். தரமணியில் 2000-இல் டைடல் பார்க் என்ற ஐடி வளாகம் திறந்த பிறகு ஐடி வேலையில் பெரும்பகுதி பழைய மாமல்லபுரம் சாலை (ஓஎம்ஆர்) ஓரமாகவே குவிந்தது. அந்தச் சாலைக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாய், மேற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். பக்கவாட்டில் எங்கே போவது? (சதுப்பிலும் கட்டினார்கள். மழை வந்தால் தெரியும்.)

சரி, மேலே கட்டலாமே என்றால், தமிழக அரசின் 2019 கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடங்களுக்கு எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 1.5-இலிருந்து 2 ஆனது. ஒரு கிரவுண்டில் (2,400 சதுர அடி மனை) 3,600 சதுர அடி கட்டிய இடத்தில் 4,800 கட்டலாம். நல்லதுதான். ஆனால் இது மனைக்காரருக்கும் தெரியுமே! கூடுதலாகக் கட்ட முடிகிற மனைக்குக் கூடுதல் விலை சொல்கிறார். இருந்தாலும் கட்டாமல் விட்டிருந்தால் நிலைமை இதைவிட மோசமாகியிருக்கும் என்பதே என் கணிப்பு.

அப்புறம், எந்த வீட்டைக் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். 2011 சென்செஸ்படி நாட்டின் நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் காலி. அடுத்த வருஷம் மத்திய அரசின் நிபுணர் குழு, நகரங்களில் 1.88 கோடி வீடு பற்றாக்குறை என்றது. அதில் 95 சதவீதத்துக்கு மேல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கானது. பில்டர் லாபம் பார்ப்பதோ 80 லட்ச ஃபிளாட்டில். முதலீட்டுக்கு வாங்கியவர் பூட்டி வைத்திருப்பார்; பத்தாயிரம் வாடகை தரக்கூடியவருக்கு அந்தப் பூட்டால் என்ன பயன்?

நான் இப்போது நாவலூரில் இருக்கிறேன். வாடகை கொஞ்சம் குறைவு, பயணம் கூடுதல். இந்தப் பக்கம் மெட்ரோ இன்னும் ஓடவில்லை. புது ஓனர் அட்வான்ஸ் பேசும்போதே மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், அடுத்த மாடி கட்ட விட்டுவைத்த தூண்களைக் காட்டினார்.