எம்பிஏ கடைசி செமஸ்டர் புராஜெக்ட்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் பல வருடமாக எம்பிஏ மாணவர்களுக்கு புராஜெக்ட் கைடாக இருக்கிறேன். வெளித் தேர்வாளராக வைவாவுக்கும் (வாய்மொழித் தேர்வு) போவதுண்டு. போன வாரம் "கேளுங்கள், பதில் சொல்கிறேன்" என்று எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவை இவை.

கேள்வி (திருப்பூர், ஹெச்ஆர்): மேடம், பனியன் கம்பெனியில் புராஜெக்ட் செய்கிறேன். "ஊழியர்களின் பணித்திருப்தி பற்றிய ஓர் ஆய்வு" என்று தலைப்பு வைத்தேன். ரொம்பப் பொதுவாக இருக்கிறது என்று கைடு திருப்பி அனுப்பிவிட்டார். எப்படிச் சுருக்குவது?

உங்கள் கைடு சொன்னது சரிதான். தலைப்பை வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் இப்படித்தான் வரும். நேராக ஹெச்ஆர் மேனேஜரிடம் போய், "போன மாதம் உங்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது எது?" என்று கேளுங்கள். பணித்திருப்தி என்ற வார்த்தையே அவர் வாயில் வராது. "திங்கட்கிழமை ஆனா பாதி மிஷின் காலியாக் கிடக்குது" என்பார். "தீபாவளிக்கு ஊருக்குப் போன ஒடிசா பசங்க திரும்பி வரலை" என்பார். தலைப்பு அங்கேதான் இருக்கிறது.

என்னிடம் படித்த ஒரு பெண் சில வருடங்களுக்கு முன்பு இப்படி ஒரு பனியன் கம்பெனிக்குப் போனாள். முதல் வாரம் கொடுத்த கேள்வித்தாள்களை சூப்பர்வைசரே வாங்கிக் கட்டிக் கொடுத்துவிட்டார். எல்லாமே ஒரே நீல மையில் டிக் செய்தவை, எல்லாவற்றிலும் "முழுத் திருப்தி". அந்தக் கட்டை என் மேஜைமேல் வைத்துவிட்டு அழுதேவிட்டாள். அதை ஓரமாக வைத்துவிட்டு வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கச் சொன்னேன். மூன்று மாத வருகையை நாள்வாரியாக, பிரிவுவாரியாக எக்செல்லில் ஏற்றினாள். சனிக்கிழமை சம்பளம், திங்கட்கிழமை லீவு குவிந்து கிடந்தது. சம்பளம் வாங்கினால் வரமாட்டார்கள் என்று மேனேஜர் சொன்னதும் அதுதானே! ஆனால் கட்டிங்கில் அப்படி இல்லை, பேக்கிங்கிலும் இல்லை. தையல் பிரிவான பவர் டேபிளில் மட்டும்தான்.

டீ நேரத்தில் டைலர் அக்காக்களோடு போய் உட்கார்ந்தாள். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அவர்களுக்கு பீஸ் ரேட், தைத்த உருப்படிக்கு ஏற்பத்தான் கூலி. திங்கட்கிழமை காலையில் கட்டிங்கிலிருந்து துணி வந்து சேரவே மதியம் ஆகிவிடும். அதுவரை மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்தால் ஒரு பைசா கிடையாது. அதற்கு வீட்டுத் துணியையாவது துவைக்கலாம் என்றார்கள். வராத ஆட்களைப் பற்றி ஆரம்பித்த புராஜெக்ட், திங்கட்கிழமைக்கு வேண்டிய துணியை சனிக்கிழமை மாலையே வெட்டி வைக்க வேண்டும் என்ற யோசனையில் வந்து நின்றது. பணித்திருப்தி கேள்வித்தாளை எத்தனை பேருக்குக் கொடுத்திருந்தாலும் இது கிடைத்திருக்காது.

கேள்வி (சேலம், மார்க்கெட்டிங்): எங்கள் கம்பெனிக்கு 600 டீலர்கள். சீனியர்கள் எல்லோரும் 100 சாம்பிள் போதும் என்கிறார்கள். போதுமா மேடம்?

95 சதவீத நம்பிக்கை, 5 சதவீதப் பிழை (உண்மை நிலவரத்திலிருந்து முடிவு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விலகக்கூடிய அளவு) என்ற வழக்கமான கணக்குப்படி, மிகப் பெரிய கூட்டத்துக்கு 385 பேர் வேண்டும். மொத்தமே 600 என்றால் 235 போதும். 1970-இல் கிரெஜ்சி, மார்கன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் போட்ட சாம்பிள் அளவு அட்டவணையில் 234 என்று இருக்கும்; கைடு அதைக் கேட்டால் அதையே காட்டுங்கள். 100 பேரோடு நிறுத்தினால் பிழை ஏறக்குறைய 9 சதவீதமாகிவிடும். 100 எடுப்பது குற்றமில்லை தம்பி, அந்த 9 சதவீதத்தைச் சொல்லாமல் விடுவதுதான் தப்பு.

இன்னொன்று. இந்தக் கணக்கெல்லாம் 600 பேர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்தால் மட்டுமே செல்லும். போனை எடுத்தவர்களை மட்டும் கேட்டீர்கள் என்றால் அதை அப்படியே எழுதிவிடுங்கள்.

கேள்வி (மதுரை): கை-ஸ்கொயர், அனோவா, கோரிலேஷன் என்ற புள்ளியியல் டெஸ்ட் மூன்றும் போட்டால்தான் மார்க் என்கிறார்கள். அதற்கான எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் என்னிடம் இல்லை.

ஜமோவி, ஜாஸ்ப் என்ற மென்பொருள்கள் இரண்டுமே இலவசம். உங்கள் வேலைக்குத் தாராளம். எந்த டெஸ்ட் என்பதை உங்கள் கேள்விதான் முடிவு செய்யும். மூன்று ஷிஃப்டுகளின் சராசரி உற்பத்தியை ஒப்பிட அனோவா. இரண்டு வகைப்பாடுகளுக்குத் தொடர்பு உண்டா என்று பார்க்க கை-ஸ்கொயர். அதில் எதிர்பார்ப்பு எண்ணிக்கை (தொடர்பே இல்லை என்றால் ஒரு கட்டத்தில் வர வேண்டியது) 5-க்குக் கீழே இருக்கும் கட்டங்கள் 20 சதவீதத்தைத் தாண்டினால் முடிவை நம்பாதீர்கள், வகைகளைச் சேர்த்துவிட்டு மறுபடி போடுங்கள். பி-மதிப்பு (தொடர்பே இல்லாதபோதும் தற்செயலாக இப்படி ஒரு முடிவு வரும் வாய்ப்பு) 0.05-க்கு மேல் வந்துவிட்டதே என்று பயந்து எண்ணை மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். தொடர்பு தெரியவில்லை என்பதும் ஒரு பதில்தான்.

கேள்வி (ஓசூர், ஃபைனான்ஸ்): உதிரிபாகம் செய்யும் சின்ன கம்பெனி. பெரிய கம்பெனிகளிடமிருந்து வர வேண்டிய பணம் இழுக்கிறது என்பதுதான் என் தலைப்பு. ஆனால் முதலாளி கணக்கைக் காட்டத் தயங்குகிறார்.

அவர் தயக்கம் நியாயமானது. ரூபாயே வேண்டாம் என்று சொல்லுங்கள். முதல் வருட விற்பனையை 100 என்று வைத்து மற்றதையெல்லாம் அந்த விகிதத்தில் கேளுங்கள். வாடிக்கையாளர் பெயருக்குப் பதில் அ, ஆ, இ. வர வேண்டிய பாக்கியைக் கடன் விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்கினால், பணம் வர எத்தனை நாள் ஆகிறது என்ற நாள் கணக்கு வந்துவிடும். 100-க்கு விற்று 20 நிலுவை என்றால் 73 நாள்.

இதோடு சட்டத்தையும் சேருங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் பணம் தருவது, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், வாங்கியவர் அந்தச் செலவை உண்மையில் பணம் கொடுக்கும் வருடத்தில்தான் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும் என்ற விதியும் 2023-24 நிதியாண்டின் கணக்கிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னும் பின்னும் நாள் கணக்கு மாறியதா? இந்தப் பதில் முதலாளிக்கே வேண்டியிருக்கும். அப்படிக் கேட்டுப் பாருங்கள், ஃபைலை அவரே எடுத்துத் தருவார்.

கேள்வி (திருச்சி): காப்பி எத்தனை சதவீதம் வரை விடுவார்கள்?

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 40-ஐத் தாண்டினால் ஒரு வருடம் திருத்திச் சமர்ப்பிக்க முடியாது, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

கேள்வி (ஊர் சொல்லவில்லை): மூன்று வாரம்தான் இருக்கிறது. கடையில் ரெடிமேட் புராஜெக்ட் கிடைக்கிறது. வாங்கிவிடலாமா?

வேண்டாம். வைவாவில் நான் முதலில் கேட்பது, "கம்பெனிக்குள் நுழைந்ததும் என்ன பார்த்தீர்கள்?" என்பதுதான். வாங்கியவரால் அதற்குப் பதில் சொல்ல முடியாது, தலை குனிந்து நிற்பார். அதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசு கஷ்டமாக இருக்கும். மூன்று வாரத்தில் ஒரே ஒரு பிரிவு, ஒரே ஒரு பதிவேடு, பதினைந்து இருபது பேரோடு நிதானமான பேச்சு, இவ்வளவும் முடியும். கைடிடம் இன்றைக்கே போய் உள்ளதைச் சொல்லுங்கள். சின்னதாக இருந்தாலும் உங்களுடையது என்றால் பாஸ் போட எங்களுக்குக் கை வரும்.

கேள்வி (கோவை): வைவாவில் எதிலிருந்து ஆரம்பிப்பது மேடம்?

கம்பெனி வரலாற்றிலிருந்து வேண்டாம். உங்கள் கண்டுபிடிப்பு எந்த அட்டவணையில் இருக்கிறதோ, அந்த ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துப் பேசுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே அறிக்கையின் ஒரு பிரதியைக் கம்பெனி மேனேஜரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் எதை ஒத்துக்கொண்டார், எந்த இடத்தில் "இது நடக்காதும்மா" என்றார் என்பதைக் குறித்துக்கொண்டு வாருங்கள். நான் தேர்வாளராக வந்தால் அதைத்தான் கேட்பேன்.