கத்தி வாங்கினீர்கள், கல் வாங்கினீர்களா?

ஒசாக்காவில் ஓர் உணவகக் குசினியில் 11 வருடங்கள் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். ஜப்பான் கத்திகளைப் பற்றிப் போன இதழில் எழுதிய சிறு குறிப்புக்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஏறக்குறைய எல்லோரும் கத்தியைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். தீட்டுகிற கல்லைப் பற்றிக் கேட்டவர் ஒரே ஒருவர்.

கேள்வி: அண்ணன் ஜப்பானிலிருந்து ஒரு கத்தி கொண்டுவந்து தந்தார். ஒரு மாதம் அருமையாக வெட்டியது. அறுக்குளா மீனின் தலையைப் பிளந்தபோது வாயில் இரண்டு இடத்தில் சில்லுப் பெயர்ந்துவிட்டது. மார்கழி மழையில் கறளும் பிடித்தது. போலிக் கத்தியா? படம் இணைத்திருக்கிறேன்.
— வாசகி, கல்லடி

போலி இல்லை, மகள். மெதுவான இரும்பாக இருந்தால் வாய் மடங்கியிருக்கும். சில்லுப் பெயர்ந்திருக்கிறதே, அது கடினமான உருக்கு.

என் அப்பா காரைதீவில் உலை வைத்திருந்தவர். லொறி வில்லுத்தகட்டைக் காய்ச்சி அடித்து அவர் செய்த கத்தியால் தேங்காய் உடைக்கலாம், மீன் தலை பிளக்கலாம், வேலிக் கம்பும் சீவலாம். ஜப்பான் கத்தியை அப்படிப் பாவிக்க முடியாது. உருக்கின் கடினத்தை ராக்வெல் என்ற அளவில் சொல்வார்கள். ஜெர்மனியின் குசினிக் கத்திகள் பெரும்பாலும் 56 முதல் 58 வரை இருக்கும். நல்ல ஜப்பான் கத்திகள் 60ஐத் தாண்டும். சில 64 வரை போகும். கடினம் கூடினால் வாயை மெல்லியதாகத் தீட்டலாம், கூரும் நெடுநாள் நிற்கும். ஆனால் எலும்பில் மோதினாலோ பக்கவாட்டில் முறுக்கினாலோ அது வளைந்து கொடுக்காது.

உங்களுடையது சன்தோக்கு என்ற வகை. மரக்கறி, இறைச்சி, மீன் மூன்றுக்குமாக வீடுகளுக்கென்று செய்வது. மீன் என்றால் அதன் சதை மட்டும். தலைக்கு அங்கே தேபா என்ற முதுகு தடித்த கத்தி தனியாக உண்டு. அதிலும் கைப்பிடிக்கு அருகிலுள்ள தடித்த பகுதியால்தான் எலும்பை வெட்டுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம், உறைந்த மீனைத் தலைமைச் சமையற்காரரின் கத்தியால் வெட்டி அதன் வாயை உடைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை என்னைக் கல்லுக்கு முன்னால் நிறுத்தினார். உடைந்த இடம் மறையும்வரை இரண்டு மணி நேரம் தீட்டினேன். உங்கள் கத்தியையும் அப்படி மீட்கலாம். 220 முதல் 400 வரை இலக்கமிட்ட கரட்டுக் கல்லில் சில்லு மறையும்வரை வாயைத் தேய்த்து இறக்குங்கள். பிறகு 1000ஆம் இலக்கக் கல்.

கறளுக்கு வருகிறேன். உங்கள் கத்தியில் பொறித்திருப்பது ‘வெள்ளைக் காகிதம்’ என்ற உருக்கின் பெயர். ஷிமானே மாகாணத்தின் யாசுகியில் தயாராவது. ஆலையில் அடையாளத்துக்கு ஒட்டிய தாளின் நிறம்தான் அந்த வெள்ளை. அதில் ‘இரண்டாம் இலக்கம்’ என்ற வகையில் கரி 1.05 முதல் 1.15 வீதம் இருக்கும்; கறளைத் தடுக்கக் குரோமியம் சேர்ப்பதில்லை. கடற்காற்றடிக்கும் கல்லடியில் அதை ஈரத்தோடு விட்டால் ஒரு மணி நேரத்திலேயே பொட்டு விழும். வெங்காயமும் மாங்காயும் வெட்டி அலகு சாம்பல் நீலமாக மாறினால் பயப்படாதீர்கள். அந்தப் படலம் கத்திக்குக் காவல், அதைத் தேய்த்து நீக்கக் கூடாது. செம்மண் நிறத்தில் வருவதுதான் கறள். அப்பச்சோடாவை நீரில் குழைத்துத் துணியால் தேய்த்தால் போகும். வெட்டி முடித்த கையோடு கழுவித் துடையுங்கள். அங்கே கமெலியா விதை எண்ணெய் பூசுவார்கள். நான் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் துணியில் விட்டுத் துடைத்து வைக்கிறேன்.

கேள்வி: ஒரே ஒரு கல்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது? அதில் எப்படித் தீட்டுவது?
— வாசகர், அக்கரைப்பற்று

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 1000 என்று இலக்கமிட்ட கல்லை வாங்குங்கள். இலக்கம் ஏற ஏறக் கல்லின் மணி நுணுகும். 3000க்கு மேல் உள்ளவை மெருகுக்கு. 1000 ஒன்றே வீட்டுக் குசினிக்குப் போதும்.

கல்லைத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். குமிழ் வருவது நிற்கும்வரை, ஏறத்தாழ 10 முதல் 15 நிமிடம், ஊறட்டும். ஊற வைக்கத் தேவையில்லாத கற்களும் உண்டு. உறையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஈரத் துணியை மடித்துக் கல்லுக்கு அடியில் வைத்தால் அது நகராது. இனிச் சாய்வு. அலகின் அகலம் 45 மில்லிமீற்றர் என்றால், முதுகைக் கல்லிலிருந்து 12 மில்லிமீற்றர் உயர்த்துங்கள். அது ஏறத்தாழ 15 பாகை. முதல் சில நாள் அந்த உயரத்துக்கு ஒரு மரத்துண்டை வெட்டி அளவு பார்த்துக்கொள்ளலாம். பிறகு கை பழகிவிடும்.

ஒரு பக்கத்தையே தீட்டிக்கொண்டிருங்கள். கல்லில் சேறு போலக் கரைந்து வரும். அதைக் கழுவ வேண்டாம், தீட்டுவதே அந்தச் சேறுதான். எப்போது பக்கம் மாற்றுவது? எத்தனை இழுவை என்று எண்ணாதீர்கள். முதுகிலிருந்து வாயை நோக்கி, வாய்க்கு வெளியே போகும்படி பெருவிரலை மெல்ல இழுங்கள். மறுபக்கத்தில் நூலிழை போல ஒரு பிசிறு தடுக்கும். நுனி முதல் அடிவரை அது தடுக்கும்போதுதான் அந்தப் பக்கம் முடிந்தது. ஓரிடத்தில் தடுக்கவில்லை என்றால் அங்கே கல் இன்னும் வாயைத் தொடவில்லை. இந்தப் பிசிறை உணரப் பழக எனக்கு மூன்று மாதம் ஆனது. மறுபக்கமும் அப்படியே. கடைசியில் அழுத்தத்தைக் குறைத்து மாறி மாறி இழுத்துப் பிசிறை உதிர்த்துவிடுங்கள். பழுத்த தக்காளியின் மீது அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். தோல் திறந்தால் சரி.

கல்லும் நடுவில் குழியும். குழிந்த கல்லில் நேரான வாய் வராது. தட்டையான கண்ணாடியில் நீரில் கெடாத அரத்தாளை விரித்து, கல்லைத் தேய்த்துச் சமப்படுத்துங்கள்.

கேள்வி: மீன் கடை வைத்திருக்கிறேன். சூரை மீனைத் துண்டு போட நீண்ட ஜப்பான் கத்தி வாங்கலாமா?
— வாசகர், சாய்ந்தமருது

நானா, நீங்கள் கேட்பது யானகிபா. பச்சை மீனை ஒரே இழுவையில் மெல்லிய துண்டாக அறுப்பதற்கானது. ஒரு பக்கம் மட்டுமே சரிவு. மறுபக்கம் சற்றுக் குழிந்திருக்கும். வழக்கமாக வலக்கைக்காரருக்கென்றே செய்வார்கள். நாள் முழுவதும் முள்ளும் செதிலும் உப்புத் தண்ணீருமாக இருக்கிற உங்கள் மேசையில் அது ஒரு வாரம் தாங்காது. ஊர்க் கொல்லர் செய்த உங்கள் கத்தியே போதும். அந்தக் காசில் ஒரு கரட்டுக் கல்லும் 1000ஆம் இலக்கக் கல்லும் வாங்குங்கள்.

கேள்வி: சாணைச் சக்கரத்தில் கொடுத்துத் தீட்டினால் என்ன?
— வாசகி, வாழைச்சேனை

ஜப்பான் கத்தியை நீரூற்றாமல் சுற்றும் சக்கரத்தில் கொடுக்காதீர்கள், தங்கச்சி. மெல்லிய வாய் நொடியில் சூடேறும். சூடேற ஏற உருக்கின் நிறம் மாறும். அப்பா பதம் பார்ப்பதே அந்த நிறத்தை வைத்துத்தான். வைக்கோல் நிறம் வந்ததும் எடுத்துவிடுவார். நீலம் பாய்ந்தால் ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ். அந்த இடத்தின் கடினம் இறங்கிவிட்டது, இனி கூர் நிற்காது.

கேள்வி: கைப்பிடியில் அலகு சேருமிடத்தில் உள்ள கறுப்பு வளையம் என்ன?
— வாசகர், ஆரையம்பதி

எருமைக் கொம்பு. ஒசாக்காவுக்குத் தெற்கே சாகாய் என்ற நகரம் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வழியாகப் புகையிலை வந்த பிறகு, அதை நறுக்கும் கத்திகளால் பெயர் பெற்ற ஊர். விடுமுறை நாட்களில் ஹன்காய் டிராமில் அங்கே போவேன். அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் இன்னொருவர், பிடி போடுபவர் வேறொருவர் என்று அங்கே வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். பிடி போடுகிற ஒருவர் கொம்பு வளையத்தை என் கையில் தந்தபோது, எருமைகள் எங்கள் ஊரில் வயல் ஓரங்களில் மேய்வதையும், அவற்றின் பாலில்தான் சட்டித் தயிர் உறைகிறது என்பதையும் எனக்குத் தெரிந்த ஜப்பான் மொழியில் சொன்னேன். அவர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிடி மக்னோலியா மரம். தண்ணீரில் ஊறவிட்டால் வெடிக்கும். தளர்ந்துவிட்டால் பயப்பட வேண்டாம். அலகின் வாலைச் சூடாக்கி மரத்துக்குள் அடித்து இறக்கியதுதான் அது. நல்ல தச்சரிடம் கொடுத்தால் புதுப் பிடி போட்டுத் தருவார்.